லிவர்மோருக்குப் போன ஈயச்சொம்பு

கண்ணா,

கவுன்ட்டி சுகாதாரத் துறையின் நர்ஸ் நம் வீட்டுக்கு வந்த அன்று, கிளம்புவதற்கு முன் என்னிடம் கடைசியாக ஒன்று கேட்டார். இதே மாதிரி பாத்திரம் உனக்குத் தெரிந்த வேறு யார் வீட்டிலாவது இருக்கிறதா, சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில்? இல்லை என்று சொன்னேன். இருந்தது. நான்தான் வாங்கிக் கொடுத்திருந்தேன். கலிஃபோர்னியாவில், லிவர்மோரில், ஸ்டெல்லா ஆன்ட்டி வீட்டு அடுப்பில் அது இருந்தது. உன்னைவிட மூன்று வாரம் சின்னவளான அவள் மகள் ஜோ அந்த வீட்டில் தினமும் அதில் வைத்த ரசத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதை நான் சொல்லவில்லை. அந்தச் சொம்பை வாங்கிய கடையில் என் காதில் என்ன விழுந்தது என்பதையும் சொல்லவில்லை.

உனக்கு இப்போது நான்கு வயது. அடுத்த வாரம் காப்பெலில் இருக்கும் இந்த அபார்ட்மென்ட்டை விட்டு ரிச்சர்ட்சனில் ஒரு வீட்டுக்கு மாறுகிறோம். மூன்று நாட்களாகச் சமையலறை அலமாரிகளைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். நீ காலி அட்டைப்பெட்டி ஒன்றுக்குள் உட்கார்ந்துகொண்டு, இது உன் வீடு, நான் வேறு வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஆங்கிலத்தில் உத்தரவு போடுகிறாய். நான் தமிழில் கேட்கிறேன், உன் வீட்டில் சாப்பாடு உண்டா என்று. இருக்கிறதாம், பீட்சா மட்டும். ஒவ்வொரு பாத்திரமாகக் கையில் எடுத்து, இது வருகிறதா, யாருக்காவது போகிறதா, குப்பைக்கா என்று தீர்மானிக்கும்போது, நீயும் ஒருநாள் இப்படி நிற்பாய் என்று தோன்றியது. உன் பெட்டிகள், உன் அலமாரி. அதற்குள் உனக்கு ஒரு குழந்தைகூட வந்திருக்கலாம். அன்று படிப்பதற்காக இதை எழுதுகிறேன். அதற்கு முன்னால் மற்றவர்களும் படிக்கட்டும் என்று வெளியிலும் கொடுக்கிறேன். சொந்த விஷயத்தை நாலு பேர் முன் சொல்லுகிறவள் இல்லை உன் அம்மா. இதற்கு மட்டும் அந்தக் குணம் உதவாது.

நான் இந்த ஊருக்கு வந்தபோது என் பெட்டியில் ஐந்து லிட்டர் குக்கர் ஒன்று இருந்தது. அதற்குள் மிளகாய்த்தூள், அதைச் சுற்றி உன் அப்பாவின் சட்டைகள், ஓரத்தில் இரண்டு கேஸ்கட். எம்.எஸ்ஸி. முடித்திருந்தேன், விசா இருந்தது, வேலை பார்க்க அனுமதி இல்லை. உன் அப்பா காலையில் கிளம்பியதும் நூலகத்துக்கு நடந்து போய், தூக்க முடிகிற அளவு புத்தகங்களை எடுத்து வருவேன். புத்தகம் படிப்பது அலுக்கும்போது பொருள்களைப் பற்றிப் படிப்பேன். எந்தத் தோசைக்கல் இந்தச் சுருள் அடுப்பில் சமமாகச் சூடாகும், எந்த டப்பாவின் மூடி ஆறு மாதத்துக்கு மேல் தாங்கும், எந்தக் கடையில் எந்த வாரம் விலை இறங்கும் என்று. எனக்கு இது நன்றாக வந்தது. வேறு எதற்கும் யாரும் என்னைக் கேட்காத காலத்தில், இதற்குக் கேட்டார்கள்.

நம்மவர்களிடம் இங்கே ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது ப்ராஜெக்ட் முடிந்து வேறு மாநிலத்துக்கோ ஊருக்கோ கிளம்பினால், வாட்ஸ்அப் குரூப்பில் மூவிங் சேல் என்று போட்டு, வீட்டிலிருக்கும் எல்லாவற்றையும் படம் எடுத்துப் போடுவார்கள். சோபா, குழந்தையின் ஹை சேர், இட்லித்தட்டு, பாதி தீர்ந்த டயப்பர் பாக்கெட். கடைசி நாளில் மிச்சமிருப்பது இலவசம். ஒரு வீடு கலைந்து நாலு வீட்டுக்குள் போய்ச் சேரும். நான் யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று கேட்டுவைத்துக்கொண்டு, புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு பெட்டி தயாராக்குவேன். மூவிங் சேலில் கிடைத்த கடாய், டாலர் கடையில் வாங்கிய கிண்ணங்கள், இந்தியன் ஸ்டோரில் எவர்சில்வர் தட்டு, கராஜ் சேலில் குழந்தைக்கு ஒரு ஸ்டூல். விமானத்திலிருந்து இறங்கிய அன்றே அவர்கள் வீட்டில் சோறு பொங்கிவிடும். உன் அப்பா என்னைப் பாத்திரக்கடை மேனேஜர் என்று கூப்பிட ஆரம்பித்தார். வெளியே கோபித்துக்கொண்டாலும் எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த மேனேஜருக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சமிருக்கிறது என்றால், உனக்குச் சில சொல்கிறேன். செட்டாக எதையும் வாங்காதே. பன்னிரண்டு இருந்தால் நான்குதான் அடுப்பேறும், மீதி எட்டு அலமாரியை அடைக்கும். குழந்தை குடிக்கும் கப் வாங்கும்போது அதைக் கடையிலேயே கழற்றிப் பார். மூன்று துண்டுக்கு மேல் வந்தால் வைத்துவிடு, ஏனென்றால் அந்தச் சின்ன வால்வு சிங்குக்கு அடியில் கழிவை அரைக்கும் டிஸ்போசலுக்குள் போகும், நீ ஸ்விட்சைப் போட்ட பிறகுதான் உனக்கு நினைவு வரும். எனக்கு இரண்டு தடவை வந்தது. பிளாஸ்டிக் தட்டில் ஒரே ஒரு நாள் சாம்பார் ஊற்றினாலும் மஞ்சள் ஏறிவிடும், பிறகு எத்தனை தேய்த்தாலும் போகாது. எவர்சில்வர் தட்டு ஹை சேரிலிருந்து விழும்போது கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்கும், ஆனால் உன் பிள்ளைக்கும் அதன் பிள்ளைக்கும் வரும். தயிர் வாங்கிய பெரிய டப்பாக்களை எறியாதே, மாவு வைக்கலாம். குழந்தைக்கான கார் சீட் மட்டும் யாரிடமும் பழையது வாங்காதே, இலவசமாகக் கொடுத்தாலும். விலை குறைந்ததை வாங்குவதில் ஒரு வெட்கமும் இல்லை. சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் எல்லாம் ஆறு மாதத்துக்குத்தான். குழந்தை அதைத் தாண்டி வளர்ந்துவிடும்.

ஸ்டெல்லா அப்படி ஒரு பெட்டி வழியாகத்தான் எனக்குக் கிடைத்தாள். நாகர்கோவில்காரி. எதிர் பில்டிங்குக்கு அவளும் அவள் கணவர் அருள் அண்ணாவும் வந்த அன்று நான் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதைத் திறந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, அடியில் கிடந்த பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். ஒரு வருஷம் கழித்து எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதத்தில் பிரசவத்துக்கு நாள் குறித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சிலிருந்து திரும்பும் வழியில் நம் வீட்டுக்கு வந்து, சோபாவில் காலை நீட்டி, தன் வயிற்றையும் என் வயிற்றையும் ஒப்பிட்டு யாருக்குப் பெரியது என்று அருள் அண்ணாவைத் தீர்ப்புச் சொல்லச் சொல்வாள். அவர் பாவம், சமையலறைக்குள் ஓடிவிடுவார். குழந்தைக்கு எது வாங்க வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவாள். "ஏட்டி, ஒரு கரண்டி வாங்கதுக்கு நாப்பது ரிவ்யூ படிக்கவ உலகத்துல நீ ஒருத்திதான் இருப்ப," என்பாள். "ஆனா நீ சொல்லிட்டன்னா நான் கண்ண மூடிட்டு வாங்கிருவேன்." அவள் அதை அடிக்கடி சொன்னதால் அதன் கனம் எனக்கு அப்போது தெரியவில்லை.

உனக்கு எட்டு மாதமானபோது மொட்டை போடுவதற்காக ஈரோட்டுக்குப் போனோம். அந்தப் பயணத்தில் பாத்திரக்கடைக்குப் போனேன். ஈயச்சொம்பில் ரசம் வைத்தால் மணமே தனி என்று நான் எங்கெங்கோ பார்த்தும் படித்தும் வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இருந்ததில்லை, ஸ்டெல்லா ஊரிலும் இல்லை. அவள் கேட்கவும் இல்லை. எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று நானே முடிவு செய்தேன். கடையில் இரண்டு அடுக்கில் சொம்புகள் இருந்தன. பார்க்க எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கீழடுக்கில் இருந்தது கைக்குக் கொஞ்சம் கனமாக இருந்தது, விலை மேலடுக்கில் பாதிகூட இல்லை. நீ என் இடுப்பில் இருந்தாய், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு. கடைக்காரர் உன்னைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"ஏனுங்க அக்கா, கொழந்தைக்கு ஊட்டறதுக்குங்களா? அப்பிடின்னா மேல இருக்கறத எடுத்துக்கங்க. கீழ இருக்கறது கலப்புங்க. சும்மா அழகுக்கு வெக்கறவங்க வாங்கிட்டுப் போவாங்க."

நான் சிரித்தேன். விலை கூடியதை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறாள் என்று எப்படியோ கண்டுபிடித்துவிட்டார், இவரிடம் ஏமாறக் கூடாது என்று நினைத்தேன். எல்லாம் ஒன்றுதானுங்க என்று சொல்லிவிட்டுக் கீழடுக்கிலிருந்து இரண்டை எடுத்தேன். பேரம் பேசி அதிலும் கொஞ்சம் குறைத்தேன். ஒரு கரண்டிக்கு நாற்பது பேர் எழுதியதைப் படிக்கிறவள், முகத்துக்கு நேரே ஒருவர் சொன்னதைக் கேட்கவில்லை. அமெரிக்கக் கடைப் பொருளையெல்லாம் சந்தேகப்பட்டேன். நம் ஊர்ப் பாத்திரம் என்பதால் இதை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை. சந்தேகப்பட்டது அந்த மனிதரைத்தான். திரும்பி வந்து ஸ்டெல்லாவிடம் ஒரு சொம்பைக் கொடுத்தபோது, அங்கே பாதி விலைக்கு இதே சரக்கை வாங்கினேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நீரை ஊற்றாமல் அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்று சொல்லிக்கொடுத்தேன். ஆபத்து என்று எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பிறகு நான்கு மாதம் நீ ரசம் சாதம் சாப்பிட்டாய். நீ வேறு எதையும் அப்படிச் சாப்பிட்டதில்லை. பருப்பைத் துப்புவாய், கேரட்டைத் தூக்கி எறிவாய், ரசம் சாதத்தைக் கண்டால் மட்டும் ஹை சேரில் காலை உதைத்துக்கொண்டு வாயைத் திறப்பாய். நான் அதைப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினேன். அதற்கிடையில் அருள் அண்ணாவுக்கு வேலை மாறி அவர்கள் லிவர்மோருக்குப் போனார்கள். ஸ்டெல்லா தன் மூவிங் சேலில் எல்லாவற்றையும் விற்றாள். சொம்பை மட்டும் துண்டில் சுற்றிக் கைப்பையில் எடுத்துக்கொண்டு போனாள். நீ கொடுத்தது, லாரியில் போட மாட்டேன் என்றாள்.

உன் முதல் வருடப் பரிசோதனையில் விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். எல்லாக் குழந்தைக்கும் எடுப்பதுதான். மறுபடி கையிலிருந்து எடுக்க வரச் சொன்னார்கள். அதன் பிறகு டாக்டரே போன் செய்தார். உன் ரத்தத்தில் காரீயம் இருக்கிறது, இருக்கக் கூடாத அளவுக்கு இருக்கிறது என்றார். குழந்தையின் மூளை வளரும் வயது என்பதால் எங்கிருந்து வருகிறது என்று உடனே கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்றார். வீட்டில் பழைய பெயின்ட் உரிகிறதா என்று கேட்டார். நம் அபார்ட்மென்ட் கட்டி ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. போனை வைத்துவிட்டு உன்னைப் பார்த்தேன். நீ டப்பர்வேர் மூடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எனக்கு ஒளிந்து காட்டிக்கொண்டிருந்தாய்.

கவுன்ட்டியிலிருந்து ஒருவர் வந்து வீட்டைப் பார்ப்பார் என்றதும் உன் அப்பாவுக்கு வேறு பயம் வந்தது. விசா நீட்டிப்பு இன்னும் வரவில்லை. அரசாங்க ஆள் ஒருவர் குழந்தை விஷயமாக வீட்டுக்குள் வருகிறார் என்றால், பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று அவர் ஆபீஸில் யாரோ சொல்லியிருந்தார்கள். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, எக்ஸ்ட்ரா ஒரு வார்த்தை பேசாதே என்று காலையில் இரண்டு தடவை சொன்னார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. நான் பொய் சொன்னதற்கு அது காரணமும் இல்லை. சாக்காக இருந்தது.

வந்த நர்ஸ் ஐம்பது வயது தாண்டியவர், மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பம். காரீயம் இருந்தால் காட்டிக்கொடுக்கும், துப்பாக்கி மாதிரி ஒரு கருவி வைத்திருந்தார். அதை ஜன்னல் விளிம்பில் வைத்தார், உன் பொம்மைகளில் வைத்தார், என் குங்குமச் சிமிழ், மஞ்சள்தூள் டப்பா, உன் எவர்சில்வர் தட்டு எல்லாவற்றிலும் வைத்தார். ஒன்றுமில்லை. அன்றைய ரசத்தோடு சொம்பு அடுப்பில் இருந்தது. ரசத்தைக் கொட்டிவிட்டுத் துடைத்துக் கொடுத்தேன். கருவியை வைத்தார். திரையைப் பார்த்தார். இடம் மாற்றி இன்னொரு தடவை வைத்தார். பிறகு என்னிடம் காட்டினார். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் எதிரில் உட்கார்ந்து, தன் அம்மா பீன்ஸ் வேகவைக்கும் மண்பானையின் மெருகிலும் இதே காரீயம்தான் இருந்ததாம், இந்த வேலைக்கு வந்து பத்து வருஷம் கழித்துத்தான் அதைச் சோதித்துப் பார்த்தாராம். அன்பாகத்தான் சொன்னார். சொம்பின் வெள்ளீயத்தில் காரீயம் கலந்திருக்கிறது, புளியும் தக்காளியும் கொதிக்கும்போது அது கரைந்து ரசத்தில் இறங்கும் என்று விளக்கினார். சொம்பை ஒரு பையில் போட்டு, மேலே எழுதி, எடுத்துக்கொண்டார். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். வாசலில் நின்று, இல்லை என்று சொன்னேன். அவர் நம்பினார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஸ்டெல்லாவிடம் சொன்னால் அந்தக் கடைக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். அதைச் சொல்லாமல் பாதியை மட்டும் சொல்லலாமா என்று யோசித்தேன். ஊரில் விற்கிறவர்கள் ஏமாற்றிவிட்டார்கள், நாம் இரண்டு பேரும் ஏமாந்தோம் என்று ஒரு கதையைத் தயார் செய்தேன். நன்றாகத்தான் இருந்தது. சொல்ல வாய் வரவில்லை. அவள் அந்தச் சொம்பை உபயோகிக்காமல் எங்காவது வைத்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்காம் நாள் அவள் ஒரு படம் அனுப்பினாள். ஜோ ஹை சேரில், கன்னம் முழுக்க ரசம் சாதம். பின்னால் அடுப்பின் மேல் சொம்பு. உன் மகனுக்குப் போட்டி வந்தாச்சு என்று எழுதியிருந்தாள். நான் அதற்கு ஒரு இதயம் போட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான காரியம் எது என்று கேட்டால், கடையில் செய்தது இல்லை. இதுதான்.

நானாகவே முன்வந்து சொன்னேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஒன்பதாம் நாள் சனிக்கிழமை காலை உன் அப்பா உன்னை மடியில் வைத்துக்கொண்டு என் போனில் ஜோவின் படத்தை உனக்குக் காட்டிக்கொண்டிருந்தார். விரலால் படத்தைப் பெரிதாக்கினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நம் சொம்பைத்தான் நர்ஸ் எடுத்துப் போய்விட்டாரே, இது என்ன என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், கடைக்காரர் சொன்னது உட்பட.  நானாக இருந்தாலும் கீழே இருந்ததைத்தான் எடுத்திருப்பேன் என்றார். அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்து, "இப்பவே கூப்பிடு," என்றார். அங்கே நம்மைவிட இரண்டு மணி நேரம் பின்னால், இன்னும் ஆறு மணிகூட ஆகவில்லை, தூங்குவார்கள் என்றேன்.

"எழுப்பு," என்றார்.

ஸ்டெல்லா முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். ஜோ ஐந்து மணிக்கே எழுப்பிவிட்டாளாம். என்னட்டி இவ்வளவு வெள்ளனயே கூப்பிடுத, பிள்ளைக்கு ஒண்ணுமில்லல்லா என்று கேட்டாள். அந்தச் சொம்பில் இனி எதுவும் வைக்காதே என்றேன். அவள் சிரித்தாள். நீ சொன்ன மாதிரி தண்ணி ஊத்திட்டுத்தான் வைக்கேன், உருக்கிர மாட்டேன், பயப்படாத என்றாள். நான் சொன்னேன். உன் ரத்தப் பரிசோதனை, நர்ஸ், கருவி, எல்லாம்.  பின்னால் ஜோ எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஒன்பது நாள் ஆச்சு."

"ஒம்பது நாளா." அவள் குரல் உயரவே இல்லை. "நேத்து ராத்திரிகூட குடுத்தேன்ட்டி."

அங்கே நிறுத்தியிருக்கலாம். கடைக்காரர் சொன்னதையும் சொன்னேன். பாதியைச் சொல்லி மீதியை வைத்துக்கொண்டால் அது வேறு ஒரு நாள் வேறு ஒரு வழியில் வெளியே வரும் என்பது அந்தக் காலையில்தான் எனக்குப் புரிந்திருந்தது. அத ஏன் இப்ப எங்கிட்ட சொல்லுத என்று கேட்டாள்.  உனக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன் என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். உன் அப்பா உன்னை என் மடியில் உட்கார வைத்துவிட்டு, என் போனை எடுத்து அருள் அண்ணாவுக்கு டாக்டரிடம் என்ன பரிசோதனை கேட்க வேண்டும் என்று விவரமாக எழுதினார். திங்கட்கிழமை நான் நர்ஸைக் கூப்பிட்டு, அன்று நான் சொன்னது பொய் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. லிவர்மோர் பக்கம் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு எண் கொடுத்தார். நம் விசாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரும் உன்னைக் கொண்டுபோகவும் இல்லை.

அந்த வாரமே குரூப்பிலும் எழுதினேன். எத்தனையோ புதுக் குடும்பங்களுக்கு நான் பெட்டி கொடுத்திருந்தேன், ஈயச்சொம்பில் ரசம் வைத்துப் பார்க்கச் சொல்லி வேறு ஆசை காட்டியிருந்தேன். இது ஃபார்வர்டா, யார் கிளப்பிவிட்டது என்று முதலில் ஒருவர் கேட்டார். அமெரிக்கா வந்ததும் நம்ம ரசமே விஷமாப் போச்சா என்று ஒரு அங்கிள் கேட்டுவிட்டு, கண்ணீர் வரச் சிரிக்கும் முகம் மூன்று போட்டார். நான் உன் பெயரை மறைத்து உன் ரிப்போர்ட்டைப் போட்டேன். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் தங்கள் சொம்பைச் சோதிக்கக் கொடுத்தார்கள். ஒருவருடையது சுத்தமான வெள்ளீயம், ஒன்றுமில்லை. அவர் விலை கூடியதை வாங்கியிருந்தார். இன்னொருவருடையதில் இருந்தது. சிரித்த அங்கிள் ஒருநாள் நம் கதவைத் தட்டி, பேத்திக்காக வாங்கிவைத்திருந்த சொம்பை ஒரு காகிதப் பையில் கொண்டுவந்து, இதை எங்கே காட்டணும்மா என்று தலையைக் குனிந்தபடி கேட்டார்.

உன்னைப் பற்றி. பாத்திரத்தை நிறுத்தியதும் அளவு இறங்க ஆரம்பித்தது. சில மாதங்களுக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள். காரீயம் உடம்பில் சேராமலிருக்கக் கொடுத்த இரும்புச்சத்து மருந்து உன் பல்லைக் கருக்கியது. அதைக் கொடுக்க வரும்போதெல்லாம் நீ வாயை இறுக்கி மூடிக்கொண்டு மூக்கால் அழுவாய், உன் அப்பா எதிரில் நின்று தானும் ஒரு கரண்டி குடித்துக் காட்டுவார். இரண்டாவது பிறந்தநாள் முடிந்த கொஞ்ச நாளில் இனி வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ நன்றாக இருக்கிறாய். எண்கள் தெரியும், பஸ் சக்கரம் சுற்றும் பாட்டு முழுவதும் தெரியும், என்னை எந்தச் சொல்லால் வழிக்குக் கொண்டுவரலாம் என்பதும் தெரியும். ஆனாலும் நீ ஒரு வார்த்தையைத் தேடித் தயங்கும்போதெல்லாம், சட்டையின் பொத்தான் போட வராமல் கோபப்படும்போதெல்லாம், கையில் இருப்பதை வைத்துவிட்டு உன்னையே உற்றுப் பார்ப்பேன். எல்லாக் குழந்தையும் தயங்கும் என்று எனக்குத் தெரியும். தெரிவதால் அது நிற்பதில்லை. நீ இதைப் படிக்கிற வயதில் என்னைப் பார்த்து, ஏன் அம்மா நான் எதைச் செய்தாலும் அப்படிப் பார்க்கிறாய் என்று கேட்கத் தோன்றியிருந்தால், இதுதான் காரணம். என் பார்வையை நீ பொறுத்துக்கொண்டதற்கு இப்போதே நன்றி.

உன் பிள்ளைக்கு நீயும் ஏதாவது ஒன்றில் தவறு செய்வாய் கண்ணா. நீ கவனமாக இருந்தாலும் செய்வாய். அது பாத்திரமாக இருக்காது, நான் இப்போது நினைத்துப் பார்க்க முடியாத ஒன்றாக இருக்கும். அதற்காக உன்னை நீ வாட்டிக்கொள்ளாதே. ஆனால் தெரிந்த பிறகு எத்தனை நாள் பேசாமல் இருக்கிறாய் என்பதை மட்டும் எண்ணிப் பார். நான் விலை குறைந்ததை வாங்கியதற்காக வெட்கப்படவில்லை, இன்றும் வாங்குகிறேன். என் வெட்கம் வேறு: எனக்கு நன்றாகத் தெரியும் என்று எல்லோரும் நம்புகிற ஒரு விஷயத்தில், எனக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு வரவில்லை. அப்படிச் சொல்ல நீ என்னைவிடச் சின்ன வயதில் பழகிக்கொள்.

ஜோவின் அளவு உன்னுடையதைவிடக் கூடுதலாக இருந்தது. அருள் அண்ணா உன் அப்பாவுக்குச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஸ்டெல்லா என்னோடு பேசவில்லை. நான் மூன்று தடவை எழுதினேன், படித்தாள், பதில் எழுதவில்லை. ஏழு மாதம் கழித்து ஜோவின் அளவும் இறங்கியது என்று அருள் அண்ணா சொன்னார். அதற்கடுத்த மாதம் ஒரு மத்தியானம் ஸ்டெல்லாவே கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவில்லை, நடந்ததைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஜோவை டேகேரில் சேர்க்கப் போகிறாளாம், சாப்பாடு சூடு பண்ணிக் கொடுக்கிற மாதிரி எந்த டப்பா வாங்கலாம் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். சரி என்றாள். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டாள்.